நிற்கிற வண்டியின் எண்ணெய்

தேவிகுளத்துக்கு அப்பால் கல்லுப்பாறை எஸ்டேட்டில் கருத்தப்பாண்டி டிரைவராக இருந்தான். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். கார் இருந்தது, ஓட்டு என்று சொல்லத்தான் ஆள் இல்லை. தேயிலை விலை அடியோடு விழுந்துபோன வருஷங்கள் அவை. சீமையில் விலை விழுந்ததற்கு இங்கே கூலிகள் குடியிருக்கும் லயத்தில் அரிசியைக் குறைத்தார்கள். எஸ்டேட்டை நடத்திய வெள்ளைக்காரத் தொரையும் தன் பங்குக்குச் சிக்கனம் பிடித்தார். காரை ஷெட்டில் ஏற்றிவிட்டுக் குதிரையில் போய்வர ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை கிளப்புக்குப் போவதுகூடக் குதிரையில்தான்.

கருத்தப்பாண்டியின் அப்பன் போடியில் வண்டிமாடு ஓட்டியவர். மகன் கங்காணியோடு மலையேறி வந்து, கவாத்து வெட்டி, பிறகு பங்களாவில் கார் கழுவி, கழுவிய காரையே ஓட்டவும் கற்றுக்கொண்டான். லயத்து ஆட்களில் காக்கிச் சட்டை போட்டவன் அவன் ஒருவன்தான். அந்தச் சட்டையின் மேல் அவனுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. மழையிலும் அதை மடித்துத் தலைமேல் வைத்துக்கொண்டு வெறும் உடம்போடு நடப்பான் என்று லயத்துப் பெண்கள் சிரிப்பார்கள்.

ஓடாத காருக்கு டிரைவர் என்ன செய்வான்? கருத்தப்பாண்டி தினமும் காலையில், பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஆட்கள் வந்து நிற்கிற நேரத்தில் ஷெட்டுக்குப் போவான். முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றி எஞ்சினைக் கிளப்புவான். ஒரு வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம் அது உறுமும். பிறகு அணைத்துவிட்டுத் துடைப்பான். இதற்கு அவன் வைத்த பெயர் ‘எழுப்புவது’. கட்டியே போட்ட மாடு காலை மடக்கிவிடும் என்பது அவன் அப்பன் சொல். மாட்டுக்குச் சரியானது காருக்கும் சரி என்று அவன் நினைத்தான். தொரையிடமும் சொன்னான். தொரை குதிரையின் லாடத்தைப் பார்த்தபடியே “நல்லது, நல்லது” என்றார்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் தொரை கறார். காருக்குள் மைல் காட்டும் முள் ஒன்று இருந்தது. அதை விரலால் தட்டிக் காட்டி முதல் நாளே சொல்லியிருந்தார்.

“ஐந்நூறு மைல் ஓடினா எஞ்சின் எண்ணெய் மாத்து. முன்னாலே மாத்தாதே. எண்ணெய் கப்பல்லே வருது.”

கருத்தப்பாண்டிக்கு அது வேதவாக்கு. காரோ வருஷத்தில் இரண்டு மூன்று தடவை தேவிகுளம் தாலுகா கச்சேரி வரை போய்வந்தால் அதிகம். ஐந்நூறு மைல் எந்தக் காலத்தில் ஆவது? புது எண்ணெய் டின் மூடி உடைக்காமல் ஷெட் மூலையில் கிடந்தது. பழைய எண்ணெய் எஞ்சினுக்குள் கிடந்தது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அவனுக்கு வேறு கவலை இருந்தது. அவன் பெண்டாட்டி அழகுத்தாய்க்கு லயத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் மூச்சில்லாமல் பிறந்தன. பிரசவம் பார்த்தது பக்கத்து வீட்டு ராமுத்தாய். கை பழகியவள், அவள் மேல் குற்றமில்லை. எஸ்டேட் கம்பவுண்டர் ஏசுரத்தினம் காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து கலக்கிக் கொடுப்பதற்கு மேல் ஒன்றும் தெரியாதவர் என்று லயத்தில் ஏளனம் செய்வார்கள். ஆனால் இரண்டாவது பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்று அவர்தான் கருத்தப்பாண்டியைத் தனியே கூப்பிட்டு உண்மையைச் சொன்னார்.

“பாண்டி, அவளுக்கு இடுப்பெலும்பு குறுகல். பிள்ளை தானா வெளிய வராது. அடுத்தது உண்டானா வலி எடுத்த உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போயிரணும். அங்க டாக்டர் ஆயுதம் போட்டு எடுப்பாரு. இன்னொரு தடவை லயத்துல வச்சுப் பார்த்தா அவளே மிஞ்ச மாட்டா.”

பெரிய ஆஸ்பத்திரி இரண்டு மலை தாண்டி இருந்தது. நடந்தால் ஒரு பகல். காரில் போனால் வலி முற்றுவதற்குள் போய்விடலாம்.

அழகுத்தாய் மூன்றாவது முறை உண்டானபோது தொரை சீமைக்கு லீவில் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கருத்தப்பாண்டி பங்களா வாசலில் போய் நின்று, தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டான். தொரை கெட்டவர் இல்லை. நேரம் வரும்போது தன் காரிலேயே கொண்டுபோகலாம் என்று சொல்லிவிட்டுத்தான் கப்பலேறினார். ஒரு கூலிக்காரி தொரையின் காரில் பிரசவத்துக்குப் போவது அந்த மலையில் நடக்காத சங்கதி. கருத்தப்பாண்டி தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அன்றிலிருந்து அவன் எஞ்சினை எழுப்பியது தொரைக்காக அல்ல. அழகுத்தாய்க்கும் அது தெரியும். விடியற்காலை ஷெட்டிலிருந்து எஞ்சின் சத்தம் லயம் வரைக்கும் கேட்கும். அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். சத்தம் வந்த பிறகுதான் கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து பறிக்கப் போவாள். ஒரு நாள் அவன் காய்ச்சல் என்று பாயில் சுருண்டு கிடந்தபோது அவளே கைத்தாங்கலாக அவனை ஷெட்டுக்குக் கூட்டிப்போய் எழுப்பவைத்தாள். எந்த அம்மனுக்கும் அவர்கள் இப்படி ஒரு நாள் தப்பாமல் விளக்கேற்றியது கிடையாது.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. சோம்பேறி டிரைவராக இருந்திருந்தால் அந்தக் கார் பிழைத்திருக்கும்.

தினமும் எழுப்பும்போது எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியையும் கருத்தப்பாண்டி உருவிப் பார்ப்பான். மற்ற எஸ்டேட் டிரைவர்கள் எல்லாரும் எண்ணெய் குறைகிறது, குறைகிறது என்று புலம்புவார்கள். இவன் காரில் எண்ணெய் குறையவே இல்லை. போகப்போகக் கம்பியில் கோடு கொஞ்சம் மேலே ஏறியது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. டிஸ்பென்சரிக்கு ஓடிப்போய் ஏசுரத்தினத்திடம் சொன்னான்.

“ஐயா, நம்ம வண்டி எண்ணெயக் குடிக்கவே மாட்டேங்குது. அம்புட்டும் அப்படியே இருக்கு. சொல்லப்போனா கூடியிருக்கு.”

“கூடுறதுக்கு அது என்ன பசு மாடாலே, மடி சுரக்க?” என்று சிரித்தார் கம்பவுண்டர்.

“சாமி கண்ணத் தொறந்துட்டாருன்னு அர்த்தம் ஐயா.”

எண்ணெய் ஊற்றும் வாயைத் திறந்தால் மூடியின் அடியில் வெள்ளையாக, வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தது. அதையும் பார்த்தான். அவன் வீட்டில் தேங்காயெண்ணெய் சீசா மார்கழிக் குளிரில் வெள்ளையாக உறைந்து நிற்கும். அழகுத்தாய் அதை அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தலைக்குத் தேய்ப்பாள். மலையில் எண்ணெய் என்றால் உறையத்தான் செய்யும். ஆகவே இதுவும் குளிருக்கு உறைந்ததுதான் என்று முடிவுகட்டித் துணியால் வழித்துப் போட்டுவிட்டு மூடினான். போடியிலோ கம்பத்திலோ வெயிலில் வண்டி ஓட்டுகிறவன் இதைப் பார்த்திருந்தால் பதறியிருப்பான். குளிரில் வாழ்கிறவனுக்கு அது வீட்டுச் சங்கதியாகத் தெரிந்தது.

மாதம் நிறைந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. மலைமேல் ஆடி மழை என்றால் சூரியனைப் பார்த்து வாரக்கணக்காகும். ஏசுரத்தினம் ஒரு நாள் குடையோடு லயத்துக்கே வந்தார்.

“பாண்டி, வலி வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்காதே. இப்பவே கம்பளித் தூளி கட்டி, நாலு ஆளை வச்சு மெள்ளத் தூக்கிட்டுப் போயிருவோம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல எங்க சாதிசனம் இருக்காக. பிள்ளை பெறுற வரைக்கும் அவுக வீட்டுல இருக்கட்டும்.”

மலையில் நோயாளியைத் தூக்குகிற வழி அதுதான். கம்பளியைத் தொட்டில் மாதிரி மூங்கிலில் கட்டி, ஆளை அதில் கிடத்தி, முன்னும் பின்னும் தோள் கொடுத்துக் கொண்டுபோவார்கள். பிணம் போவதும் அப்படித்தான். கருத்தப்பாண்டிக்கு முகம் சுண்டிவிட்டது.

“கார் இருக்கையில எம்பொஞ்சாதி எதுக்கு ஐயா தூளியில போகணும்? தினம் எழுப்பி வச்சிருக்கேன். கூப்பிட்ட குரலுக்கு ஓடும்.”

“கார் மிசினுலே. அத நம்பி…”

“நான் நம்புறேன் ஐயா.”

அழகுத்தாயும் போகச் சம்மதிக்கவில்லை. யாரோ ஒருவர் வீட்டில் போய் உட்கார்ந்து சோறு தின்ன அவளுக்குக் கூச்சம். தவிர, கார் இருந்தது. போடியிலிருந்து அவள் அம்மா ஆள் விட்டுக் கூப்பிட்டபோதும் இதே பதிலைத்தான் சொல்லியனுப்பினாள். கம்பவுண்டர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். இருவரில் ஒருவராவது அன்று அந்தக் காரை நம்பாமல் இருந்திருக்கலாம் என்று நான் நினைத்து என்ன ஆகப்போகிறது.

வலி காலையில் எடுத்தது. நல்லவேளை, பகல் என்றார்கள். ராமுத்தாய் அழகுத்தாயைத் தாங்கிப் பிடித்து ஷெட்டுக்குக் கொண்டுவந்தாள். கார் முதல் சுற்றிலேயே கிளம்பியது. கருத்தப்பாண்டி அந்த நேரத்திலும் திரும்பிப் பார்த்து ராமுத்தாயிடம், “பார்த்தியாக்கா?” என்றான். பின் சீட்டில் கம்பளி விரித்து இருவரையும் ஏற்றினான். லயத்துப் பெண்கள் மழையில் நின்று கும்பிட்டார்கள்.

பாலம் வரைக்கும் கார் ஒழுங்காகப் போனது. மழைத் தண்ணீர் ரோட்டில் ஓடையாக ஓடிற்று. பாலம் தாண்டினால் நீண்ட ஏற்றம், ஏற்றம் முடிந்தால் இறக்கம், இறக்கத்தில் ஆஸ்பத்திரி. ஏற்றத்தில் பாதி போனதும் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. கருகல் வாடையும் வந்தது. இது ஆகாத சத்தம் என்று கருத்தப்பாண்டிக்குத் தெரியும். ஆனால் நிறுத்தினால் மறுபடி ஏற்றத்தில் எடுக்க முடியாது. பின்னால் அழகுத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

“இன்னும் கொஞ்சம்தான் புள்ள. அந்தா, மேடு தெரியுது.”

கார் ஒரே கத்தாகக் கத்தி நின்றுவிட்டது.

அவன் இறங்கி ஓடிப்போய்க் கைப்பிடியைச் செருகிச் சுற்றினான். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். காலை முட்டுக்கொடுத்து இழுத்தான். பாறையில் ஆணி அடித்தது மாதிரி நின்றது. மழை முகத்தில் அடித்தது. அவன் காரைத் திட்டினான், கெஞ்சினான், பானெட்டில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். ராமுத்தாய் உள்ளேயிருந்து கத்தினாள்.

“அழுதுக்கிட்டு நிக்காதப்பா! ஆளக் கூட்டிட்டு வா! பிள்ளை தலை மாட்டிக்கிட்டுது!”

அடுத்த எஸ்டேட்டின் லயம் பள்ளத்தில் இருந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே விழுந்து எழுந்து ஓடி ஆட்களைக் கூட்டிவந்தான். நல்ல மனிதர்கள், கேட்டவுடன் வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். கம்பளியும் மூங்கிலும் கொண்டுவந்தார்கள். அழகுத்தாயைத் தூளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஏற்றம் ஏறினார்கள். கருத்தப்பாண்டி முன் பக்கம் தோள் கொடுத்தான். மழையில் வழுக்குகிற ரோட்டில் தூளியை ஓடித் தூக்க முடியாது. ஓடினால் குலுங்கும், குலுங்கினால் அவள் அலறினாள். நடந்தே போனார்கள். வழியிலேயே அவள் அலறல் அடங்கிவிட்டது. அவன் திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு நடந்தான்.

டாக்டர் தன்னால் ஆனதைச் செய்தார். பிள்ளையை எடுத்தார். ஆண் பிள்ளை, நிறைமாதப் பிள்ளை, தலை நிறைய முடி. உயிர் இல்லை. கை கழுவிக்கொண்டே வெளியே வந்து கருத்தப்பாண்டியிடம் பேசினார். அவர் திருநெல்வேலிக்காரர், ஒளிக்காமல் பேசுகிறவர்.

“வலி எடுத்ததும் வந்திருந்தா ரெண்டு உயிரும் தப்பிச்சிருக்கும்ப்பா. அம்மா பிழைச்சுக்குவா. ஆனா உள்ள ரொம்பச் சிதைஞ்சு போச்சு. இனிமே அவளுக்குப் பிள்ளை உண்டாகாது. அவ தேறினப்புறம் பக்குவமாச் சொல்லு.”

அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே தெரிந்துகொண்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ரோட்டில் நின்ற காரைக் காளைகளைப் பூட்டி ஷெட்டுக்கு இழுத்துவந்தார்கள். தொரைக்குப் பதில் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து எஸ்டேட் தொரை, போடியிலிருந்து மிக்கேல்ராஜ் என்ற பிட்டரை வரவழைத்தார். பஸ் எஞ்சின்களைப் பிரித்துப் பிரித்துக் கை கறுத்த மனிதன். மலைக்குப் புதிது. காருக்கு வந்த கதை அவனுக்குத் தெரியும், காரில் யார் போனார்கள் என்பது தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

அவன் காருக்கு அடியில் படுத்து எண்ணெய்த் தொட்டியின் திருகைக் கழற்றினான். முதலில் வந்தது தண்ணீர். வெறும் தண்ணீர், கலங்கல்கூட இல்லை. பிறகு சாம்பல் நிறத்தில், கூழ் மாதிரி ஒன்று மெள்ள இறங்கித் தட்டில் விழுந்தது.

“என்ன அண்ணே இது? எண்ணெய் எப்ப மாத்தினது?”

“தொரை குதிரை வாங்குறதுக்கு முன்னால. ஐந்நூறு மைல் இன்னும் ஆகலையே தம்பி. முள்ளப் பாருங்க. பாதிகூட ஆகல.”

மிக்கேல்ராஜ் வெளியே வந்து உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

“மைலு ஓடுற வண்டிக்குண்ணே. நிக்கிற வண்டிக்கு மாசம்தான் கணக்கு. ஓடினாலும் ஓடாட்டியும் மழைக்கு முன்னால ஒருக்கா, மழை விட்டதும் ஒருக்கா மாத்திப்புடணும். ஓடுற வண்டிய விட நிக்கிற வண்டிக்குத்தான் எண்ணெய் சீக்கிரம் கெடும்.” சாம்பல் கூழை ஒரு குச்சியால் கிளறினான். “ஆனா சும்மா நின்ன வண்டிக்கு இம்புட்டுத் தண்ணி சேராதே. இத அடிக்கடி கிளப்பிக் கிளப்பி அணைச்சீகளோ?”

“தினமும் காலையில எழுப்புவேன்.”

“எம்புட்டு நேரம்?”

“ஒரு வெத்தல போடுற நேரம்.”

“அதான். எஞ்சின் நல்லாச் சூடேறாம அணைச்சா உள்ள வேர்க்கும்ணே. நம்ம மூடி வச்ச சோத்துச் சட்டியில வேர்க்குதில்ல, அப்படி. அந்தத் தண்ணி எண்ணெயோட கலந்து கூழாகி, எண்ணெய் போற குழாய அடைச்சிருச்சு. பேரிங் உருகிப் போச்சு. எடுத்தா நாலஞ்சு மைலு ஓட்டிச் சூடேத்தணும். இல்லன்னா தொடவே கூடாது.” மூலையில் கிடந்த புது எண்ணெய் டின்னை இழுத்து மூடியைத் தட்டிப் பார்த்தான். “எண்ணெயக் கையில வச்சுக்கிட்டா இப்படி விட்டீக? போகட்டும். நீங்க ஒண்ணுமே செய்யாம, தார்ப்பாய் போட்டு மூடிப்புட்டுப் போயிருந்தாக்கூட இந்த வண்டி அந்த ஏத்தத்த ஏறியிருக்கும்.”

கருத்தப்பாண்டி தட்டில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிட்டர் மறுபடி காருக்கு அடியில் போய்விட்டான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். தொழில்காரன் தொழிலைச் சொன்னான், அவ்வளவுதான். அந்தச் சொல் எங்கே போய் இறங்கியது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

தொரையின் சட்டம் தப்பு என்று கருத்தப்பாண்டி சொல்லிக்கொண்டிருக்கலாம். தப்புத்தான். ஓடுகிற காருக்கு எழுதிய சட்டத்தை நிற்கிற காருக்கு மாட்டிவிட்டுக் கப்பலேறிய மனிதர் அவர். ஆனால் தினமும் காலையில் போய் எழுப்பச் சொல்லித் தொரை கட்டளை போடவில்லை. அதை அவனாகவே செய்தான், ஆசையோடு செய்தான். ஒருவன் தன் கையாலேயே பாலில் விஷத்தைக் கலந்து, நாள் தவறாமல் ஊட்டிவிட்டு, அதற்கு அன்பு என்று பெயரும் வைத்திருந்தால் பிறகு யாரிடம் போய்க் கோபப்படுவான்?

வேலை முடியப் பல நாள் ஆயிற்று. அதற்குள் அழகுத்தாயை லயத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பேச்சு குறைந்துபோய்விட்டது. பால் கட்டிய மார்பில், பால் வற்றுவதற்காக மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிக்கொண்டு சுவரோரம் கிடந்தாள். மிக்கேல்ராஜ் புது பேரிங் போட்டு, புது எண்ணெய் ஊற்றி எஞ்சினைக் கிளப்பிய அன்று சத்தம் லயம் வரை வந்தது. அவள் தலையைத் தூக்கிக் கேட்டாள்.

சாயங்காலம் கருத்தப்பாண்டி வந்து மூலையில் உட்கார்ந்தான். ராமுத்தாய் வைத்துவிட்டுப் போன கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவன் தொடவில்லை. பல நாளாகவே அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள்.

“வண்டி ஏன் நின்னுச்சாம்?”

அவன் வாயைத் திறந்தான். சொல்ல வேண்டும் என்றுதான் வந்திருந்தான்.

“பழைய வண்டி. பேரிங் போயிருச்சுன்னான்.”

“அதுக்கு நீங்க என்ன செய்வீக? இங்க வாங்க.”

அவன் நகர்ந்து பக்கத்தில் போனான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளாகத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“நீங்க ஒரு நாள் விடாம எழுப்பி வச்சதுனாலதாங்க அது அம்புட்டுத் தூரமாவது போச்சு. இல்லன்னா ஷெட்டுலயே கெடந்திருக்கும், நானும் லயத்துலயே போயிருப்பேன். எனக்குத் தெரியும். நெதமும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்? நீங்க உங்க கையால ஆனதச் செஞ்சீக. நமக்குக் குடுப்பன இல்ல, அம்புட்டுத்தான்.”

“ஆமா” என்றான் கருத்தப்பாண்டி.

அவள் கொஞ்சம் கஞ்சி குடித்தாள். அவனையும் குடிக்க வைத்தாள். அன்றுதான் முதன்முதலாக அசந்து தூங்கினாள்.

மறுநாள் விடிந்ததும் அவளே அவனை உலுக்கி எழுப்பினாள். பெரட்டுக்கு ஆள் போகிற சத்தம் கேட்டது.

“நேரமாச்சுங்க. வண்டிய எழுப்பலையா? அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு எந்திரிச்சு உக்காரத் தோணுது.”

கருத்தப்பாண்டி காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு மழையில் ஷெட்டுக்குப் போனான். காரின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். மூலையில் எண்ணெய் டின் காலியாகக் கிடந்தது. லயத்தில் அவள் சுவரில் சாய்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். கைப்பிடியைச் செருகிச் சுற்றினான்.